வெளிநாட்டு மாணவர்களும் நூலகமும்: நான் செய்த தவறுகளை நீங்களும் செய்யாதீர்கள்

சென்ற செப்டம்பரில் எங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் ஒரு தம்பி வேலைக்குச் சேர்ந்தார். மதுரைப் பக்கம். இங்கே இங்கிலாந்திலேயே நூலக அறிவியல் படித்தவர். இரண்டாவது வாரமே வெளிநாட்டு மாணவர்களுக்கு நூலகத்தை அறிமுகப்படுத்தும் இண்டக்‌ஷன் வகுப்பை அவர் தலையில் கட்டிவிட்டார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். பதினான்கு வருடத்துக்கு முன் நான் செய்த சொதப்பல்கள் ஒன்று விடாமல் வந்துபோயின. அன்று மாலை டீ குடிக்கும்போது அவரிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். சிரித்த முகமாக இரு, பெயரைச் சரியாக உச்சரி என்பதெல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, விட்டுவிடுகிறேன்.

முதல் வாரத்திலேயே எல்லாவற்றையும் கொட்டுவது

அந்த வாரம் அந்தப் பிள்ளைகளின் மண்டைக்குள் வீட்டு அட்வான்ஸ், வங்கிக் கணக்கு, சிம் கார்டு, தூக்கக் கலக்கம் தவிர வேறு எதற்கும் இடம் இருக்காது. மூன்று விஷயம் போதும்: உள்ளே எப்படி வருவது, உதவி மேசை எங்கே, அலமாரியிலிருந்து புத்தகத்தை நீங்களே எடுக்கலாம்.

மூன்றாவதைக் கேட்டால் இங்கே படித்து வளர்ந்த சக ஊழியர்கள் சிரிப்பார்கள். ஆனால் மாணவியாக வந்த புதிதில் நான் புத்தகத்தின் பெயரைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கவுன்ட்டரில் நீட்டிவிட்டு, யாராவது எடுத்து வருவார்கள் என்று கால் கடுக்க நின்றேன். எங்கள் கல்லூரியில் அப்படித்தான். பையை வாசலிலேயே வைத்துவிட்டு உள்ளே போனது அதைவிடக் கூத்து. கேட்பாரற்றுக் கிடக்கும் பை என்று செக்யூரிட்டி ஆள் வந்துவிட்டார். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். அதே வருடம் லண்டனுக்கு வந்து நூலகவியல் படித்தார். திரும்பிப் போய், அலமாரிகளை வாசகருக்குத் திறந்துவிடுங்கள் என்று எழுதியும் பேசியும் பார்த்தார். நான் படித்த காலத்திலும் எங்கள் கல்லூரியில் பூட்டு தொங்கத்தான் செய்தது.

தரவுத்தளத்தில் தேடுவதெல்லாம் ஐந்தாவது, ஆறாவது வாரத்துக்கு. முதல் அசைன்மென்ட் கழுத்தை நெரிக்கும்போது அவர்களே தேடி வருவார்கள்.

டர்னிட்டின் சதவீதத்தைக் காட்டி மிரட்டுவது

இதை நினைத்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வரும். என்மீதும்தான். டர்னிட்டின் என்பது மாணவரின் கட்டுரையில் எத்தனை சதவீதம் வேறு எங்கேயோ உள்ள எழுத்தோடு ஒத்துப்போகிறது என்று காட்டும் மென்பொருள்.

சிவப்பு எழுத்தில் 'கருத்துத் திருட்டு' என்று ஒரு ஸ்லைடு. கீழே தண்டனைகளின் பட்டியல். அப்புறம் வாய்மொழியாக ஒரு தாராளம்: "20 சதவீதத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள், பிரச்சினை வராது." நானும் இதையேதான் சொன்னேன்.

அந்த மென்பொருளுக்குத் திருட்டு எது என்று தெரியாது. இந்த வரிகள் வேறு எங்கேயோ இருக்கின்றன என்று மட்டும் சொல்லும். மேற்கோள் குறிக்குள் இருப்பதும், கடைசியில் உள்ள நூற்பட்டியலும்கூட அந்தக் கணக்கில் சேர்ந்துவிடலாம். அதனால் 30 வந்த கட்டுரை சுத்தமாக இருக்கலாம். 4 வந்த கட்டுரையில் ஒரு பத்தி அப்படியே சுட்டதாக இருக்கலாம்.

நான் 20 என்று சொன்ன வருடம் ஒரு மாணவி அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். வார்த்தை மாற்றிக் கொடுக்கும் ஒரு இணையக் கருவியில் பத்தி பத்தியாகப் போட்டு எடுத்தாள். 'பிக் டேட்டா' என்ற கலைச்சொல் 'கொலாசல் இன்ஃபர்மேஷன்' ஆகியிருந்தது. பேராசிரியருக்கு அது ஒன்றே போதுமாக இருந்தது. விசாரணை, அந்தப் பாடத்தில் பூஜ்யம், மறுபடி எழுதினாலும் தேர்ச்சி மதிப்பெண்ணுக்கு மேல் கிடையாது. என் மேசைக்கு வந்து அவள் கேட்டது இதுதான்: "லைப்ரரியில் 20 என்றுதானே சொன்னீர்கள் மேடம்? நான் 6தானே வைத்திருந்தேன்?"

பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

வெளிநாட்டு மாணவருக்கு இது மதிப்பெண்ணோடு முடிகிற விஷயமும் இல்லை. படிப்பிலிருந்து நீக்கினால் பல்கலைக்கழகம் பிரிட்டன் உள்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும், விசா பறிபோகும். ஊரில் வாங்கிய கல்விக்கடன் மட்டும் அப்படியே நிற்கும்.

வரையறையை வார்த்தை பிசகாமல் எழுதினால் முழு மதிப்பெண் என்று பழகி வந்த பெண் அவள். பார்த்து எழுதுவது திருட்டு, மனப்பாடமாக எழுதுவது படிப்பு. அந்த விதி விமானம் ஏறியதும் மாறிவிட்டது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. தண்டனையைத்தான் சொன்னோம்.

இப்போது நான் செய்வது வேறு. ஒரே ஒரு பத்தியைக் கொடுத்து வாசிக்கச் சொல்வேன். தாளைக் கவிழ்த்துவிட்டு, படித்ததை அவரவர் தாய்மொழியில் பக்கத்தில் இருப்பவரிடமோ தனக்குத் தானேயோ சொல்ல வேண்டும். தமிழ், இந்தி, யோருபா, சீனம் என்று அறையே சந்தைக்கடை ஆகிவிடும். அதற்குப் பிறகுதான் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். வேறொரு மொழிக்குள் போய்த் திரும்புகிற கருத்து மூல ஆசிரியரின் வாக்கியத்தைப் பெரும்பாலும் வழியிலேயே உதறிவிட்டு வரும். கடைசியில் ஒன்றை மூன்று தடவை சொல்வேன்: சொந்த வாக்கியத்தில் எழுதினாலும் கருத்து இன்னொருவருடையது, எங்கிருந்து எடுத்தது என்று சான்று போட்டே ஆக வேண்டும். நான் பார்த்தவரை பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான். நாற்பது நிமிடம் ஆகும். சிவப்பு ஸ்லைடைத் தூக்கிவிட்டால் நேரம் தாராளமாகக் கிடைக்கும்.

"எனி கொஸ்டின்ஸ்?" என்று கேட்டு முடிப்பது

யாரும் கை தூக்க மாட்டார்கள். கதவருகே போய் நில்லுங்கள், அங்கே கேட்பார்கள்.

சத்தமாகப் பேசுவது

அவர்களுக்குக் காது நன்றாகவே கேட்கிறது.

நம்மூர்ப் பிள்ளைகளை நானே பார்த்துக்கொள்கிறேன் என்பது

ஆசையாகத்தான் இருக்கும். சக ஊழியர்களும் இந்திய முகமாகத் தெரிகிற அத்தனை பேரையும் உங்களிடமே தள்ளிவிடுவார்கள். ஆனால் ஃபெயிலான விஷயத்தைத் தமிழ் பேசுகிற அக்காவிடம் சொல்லச் சிலருக்கு வாய் வராது. ஊருக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம். முன்பின் தெரியாத வெள்ளைக்காரரிடம் சொல்வது அவர்களுக்கு எளிது. யாரிடம் பேச விருப்பம் என்று கேட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளுங்கள்.

வேண்டுமென்றால் கேட்பார்கள் என்று இருந்துவிடுவது

நூலகத்தில் இல்லாத புத்தகத்தை வாங்கித் தரச் சொல்லலாம், வேறு நூலகத்திலிருந்து வரவழைக்கச் சொல்லலாம் என்பதே பலருக்குத் தெரியாது. பாடம் நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை செய்ய விசா விடும். அப்படிக் கடையில் நின்று சம்பாதித்ததில் 60 பவுண்டு கொடுத்து ஒரு பையன் பாடப்புத்தகம் வாங்கினான். அதன் மின்னூல் எங்களிடமே இருந்தது.

மின்னூல் என்றதும் இன்னொன்று. டிசம்பரில் ஊருக்குப் போனதும் பலர் சிம்மை மாற்றிவிடுவார்கள். உள்நுழைவதற்கான குறியீடு இங்கே இருக்கும் எண்ணுக்கு வரும். கட்டுரைக்கு ஜனவரியில் கெடு, எங்கள் அலுவலகமோ கிறிஸ்துமஸ் விடுமுறையில் பூட்டிக் கிடக்கும். அவர்கள் கிளம்பும் முன்பே, நவம்பர் கடைசியில், ஊர் எண்ணையும் பதிந்துகொள்ளச் சொல்லி ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். நான்கு வரி போதும்.