தொலைந்த கோப்பும் அறுவை அரங்கின் பதிவேடும்

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலுள்ள அரசு மருத்துவமனையொன்றில் அறுவை சிகிச்சைக்குப் பிறகு அம்மாவின் வயிற்றில் துணிப்பஞ்சு தங்கிவிட்டதற்கு இழப்பீடு கோர முனைந்தபோது, கோப்பு தொலைந்துவிட்டது என்ற பதிலே திரும்பத் திரும்பக் கிடைத்தது. மருத்துவத் தொழில் மன்றத்திடம் புகார் அளித்தோம். அது மருத்துவரை விசாரிக்குமே தவிர இழப்பீடு வழங்காது.

டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதி வழக்கறிஞர் அம்மையார் முதலில், அரசு அமைப்புகள்மீது வழக்குத் தொடர்வது பற்றிய 2002ஆம் ஆண்டுச் சட்டப்படி 6 மாதக் கெடுவுக்குள், வழக்குத் தொடரப்போவதாக மாகாண சுகாதாரத் துறைக்கு எழுத்துமூல அறிவிப்பு அனுப்பினார். அது தவறியிருந்தால் வழக்குத் தொடரவே நீதிமன்றத்தின் தயவை நாட வேண்டியிருக்கும். பிறகு 2000ஆம் ஆண்டுத் தகவல் பெறும் சட்டத்தின்கீழ் விண்ணப்பிக்கையில், நோயாளியின் கோப்போடு நில்லாமல், தனியே பராமரிக்கப்படும் அறுவை அரங்கின் பதிவேட்டையும் பெயர் சொல்லிக் கேட்டார். இதைத்தான் பலரும் கேட்பதில்லை.

30 நாள் கெடுவுக்குள் நகல் வந்தது. அறுவையின் தொடக்கத்திலும் முடிவிலும் பஞ்சுகளை எண்ணிக் குறிக்கும் கட்டத்தில் தொடக்க எண் இருந்தது. முடிவில் கையொப்பம் மட்டுமே இருந்தது, எண் இல்லை. அந்த வெற்றுக் கட்டத்தைக் காட்டிய பின்னரே துறை சமரசத்துக்கு இறங்கி வந்தது. எங்களுக்கும் மூச்சு வந்தது.