தள்ளிப்போட்ட அசைன்மென்ட்டை இன்றைக்கே தொடங்குவது எப்படி?

"மூடு வரட்டும், அப்புறம் எழுதலாம்" என்று காத்திருக்கும் கல்லூரி மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். மூடு முதலில் வருவதில்லை. நாலு வரி எழுதிய பிறகுதான் ஆர்வம் மெல்ல எட்டிப் பார்க்கும். அதனால் தொடங்குவதை எவ்வளவு சுலபமாக்க முடியுமோ அவ்வளவு சுலபமாக்க வேண்டும்.

கடலூரில் முதலாண்டு படிக்கிறீர்கள், சுற்றுச்சூழல் பாடத்துக்குப் பிச்சாவரம் அலையாத்திக் காட்டைப் பற்றிப் பத்துப் பக்க அசைன்மென்ட், வெள்ளிக்கிழமை கடைசி நாள் என்று வைத்துக்கொள்வோம்.

படி 1: காரணத்தை ஒரு வரியில் எழுதுங்கள்

"நான் சோம்பேறி" என்று மட்டும் எழுதாதீர்கள். அது காரணமே இல்லை. பாடம் புரியவில்லையா? பத்துப் பக்கம் என்றதும் மலைப்பா? தப்பாக எழுதிவிடுவோமோ என்ற பயமா? புரியவில்லை என்றால் சீனியரிடம் கேட்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்துவிட்டு இப்போது ஆங்கில வழிக்கு வந்தவர்களுக்குப் பெரும்பாலும் பயம்தான் காரணம். விஷயம் தெரியும், வாக்கியம் வராது, அதனால் நோட்டையே திறக்க மாட்டார்கள். நீங்களும் அப்படியென்றால் முதலில் தெரிந்ததையெல்லாம் ரஃப் நோட்டில் தமிழிலேயே எழுதிவிடுங்கள். பிறகு பத்தி பத்தியாக ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகலாம். யோசிப்பதையும் மொழிபெயர்ப்பதையும் ஒரே நேரத்தில் செய்யப்போய்தான் பலர் முதல் வரியிலேயே நின்றுவிடுகிறார்கள்.

படி 2: வேலையைத் துண்டு போடுங்கள்

ஒவ்வொரு துண்டும் ஒரே தடவை உட்கார்ந்து முடிக்கிற அளவில் இருக்கட்டும். நம் உதாரணத்தில் முதல் துண்டு, தலைப்பையும் ஐந்து உட்தலைப்புகளையும் எழுதுவது மட்டும்தான். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே இந்தக் காடு அமைந்திருப்பதைப் பற்றி ஒரு பத்தி அடுத்த துண்டு. சேற்றிலிருந்து மேலே நீட்டிக்கொண்டிருக்கும் மூச்சு வேர்களைப் படமாக வரைவது இன்னொன்று. 2004 சுனாமியின்போது அலையின் வேகத்தை இந்த மரங்கள் எப்படித் தணித்தன என்பது வேறொன்று.

முதல் பக்கத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று கட்டாயமில்லை. படம் வரையப் பிடிக்குமா? அதிலேயே தொடங்குங்கள்.

படி 3: எப்போது, எங்கே என்று முடிவு செய்யுங்கள்

"சாயங்காலம் எழுதுவேன்" என்றால் போதாது. "பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்குப் போய் டீ குடித்ததும், மாடியில் உட்கார்ந்து உட்தலைப்புகளை எழுதுவேன்" என்று எழுதிவையுங்கள். இது நடந்ததும் அதைச் செய்வேன் என்று முன்கூட்டியே முடிவெடுத்தவர்கள் சொன்னதைச் செய்து முடிக்கும் வாய்ப்பு கூடுகிறது என்பதை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999இல் ஒரு கட்டுரையில் விளக்கினார்.

வீட்டில் டிவி சத்தமா? நூலகத்துக்குப் போய்விடுங்கள். புதுச்சேரிக்காரர்களுக்கு 1827இல் தொடங்கிய ரோமன் ரோலண்ட் நூலகமே இருக்கிறது. சுற்றிலும் நாலு பேர் படித்துக்கொண்டிருந்தால் நம் கையும் தானாக நோட்டைத் திறக்கும்.

படி 4: 25 நிமிடம் மட்டும்

பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலியர், கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த 1980களின் இறுதியில் உருவாக்கிய முறை இது. 25 நிமிட வேலை, 5 நிமிட ஓய்வு. 25 நிமிடம் கஷ்டமாக இருந்தால் 10 நிமிடத்தில் ஆரம்பியுங்கள். போனை டைமராக வைக்காதீர்கள், சுவர்க் கடிகாரம் போதும். போன் அடுத்த அறையில் இருக்கட்டும். ஓய்வு நேரத்தில் ரீல்ஸ் வேண்டாம், அது ஐந்து நிமிடத்தில் முடியாது.

படி 5: பிடித்தது பிறகு

நண்பர்கள் சில்வர் பீச்சுக்குக் கூப்பிட்டால் மறுக்காதீர்கள். அன்றைய துண்டை முடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லுங்கள், முடித்ததும் கட்டாயம் போய் வாருங்கள்.

படி 6: ஒரு நாள் தவறினால்

உங்களையே திட்டிக்கொள்ளாதீர்கள். கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழக மாணவர்களிடம் நடத்தி 2010இல் வெளியான ஆய்வில், முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்டவர்கள், அடுத்த தேர்வுக்குக் குறைவாகவே தள்ளிப்போட்டார்கள். மறுநாள் அதே நேரத்தில், இருப்பதிலேயே சின்னத் துண்டோடு உட்காருங்கள்.

வெள்ளிக்கிழமையே தாண்டிவிட்டதா? ஆசிரியர் கண்ணில் படாமல் ஒளிந்து திரியாதீர்கள், இன்டர்னல் மார்க்தான் போகும். எழுதியது இரண்டே பக்கமானாலும் அதை எடுத்துக்கொண்டு நேரில் போங்கள். "மிச்சத்தைத் திங்கட்கிழமை தந்துவிடுகிறேன் சார்" என்று கிழமையைச் சொல்லிக் கேளுங்கள்.