கொடுமையைச் சொல்லும் அழகிய உரைநடையைப் படிக்கும் முறை

சேலத்தில் நண்பர்கள் சிலர் கூடி மாதம் ஒரு நாவல் படிக்கும் வட்டத்தில் என்றாவது ஒருநாள் இந்தக் கேள்வி எழும்: ஒரு சிறுமியின் வாழ்வைச் சிதைத்தவனே சொல்லும் கதையாக எழுதப்பட்ட விளாதிமிர் நபக்கோவின் ‘லோலிடா’வின் (1955) நடையை ரசிப்பது தகுமா? தகும் என்பதே என் உறுதியான எண்ணம். ஆனால் அந்த ரசனைக்குப் பயிற்சி வேண்டும்.

முதல் வாசிப்பில் மொழியின் ஈர்ப்பைத் தடுக்க முயலாமல், பிடித்த வாக்கியங்களைப் பென்சிலால் கோடிட்டு வையுங்கள். இரண்டாம் வாசிப்பில், கோடிட்ட ஒவ்வொன்றையும் சொல்பவன் யார், யாரை வசப்படுத்தச் சொல்கிறான், எதை மறைக்கிறான் என்று பாருங்கள். ‘லோலிடா’வின் கதைசொல்லியான ஹம்பர்ட் நீதிமன்ற ஜூரிகளை விளித்துப் பேசுகிறான், அவன் ‘லோலிடா’ என்று அழைக்கும் 12 வயது டோலரஸ் நமக்கு அவன் வாய்வழியாகத்தான் கிடைக்கிறாள். ஆகவே அவளைத் தேடித்தான் படிக்க வேண்டும். அமெரிக்கா முழுவதும் அவளைக் காரில் அழைத்துச் சென்ற நெடும் பயணத்தைச் சொல்லி முடிக்குமிடத்தில், மிஞ்சியவை என்று கசங்கிய வரைபடங்களையும் பழைய டயர்களையும் அடுக்கிக்கொண்டே போகிறவன், அந்த அடுக்கின் கடைசியில், தான் தூங்குவதாகப் பாவனை செய்ததும் ஒவ்வோர் இரவும் அவள் விம்மி அழுததைச் சேர்க்கிறான். டயர்களோடு டயராக ஒரு குழந்தையின் அழுகையை வைத்த அந்த வரிசையில்தான் நாவலாசிரியரின் கலை இருக்கிறது. கதைசொல்லியின் மனமும் அங்கேதான் அம்பலப்படுகிறது. இத்தகைய இடங்களில் நடந்ததை மட்டும் அலங்காரமின்றி, காவல் நிலையப் புகார்போல நான்கு வரியில் எழுதி, மூலத்தின் அருகில் வைத்துப் படித்தால், அழகு எதை மூடியது, எதை மூட முடியாமல் போனது என்பது விளங்கும்.

பெருமாள்முருகனின் ‘பூக்குழி’ நாவலைப் படிக்கும்போது இம்முறையைச் சற்று மாற்ற வேண்டும். அவருடைய திருச்செங்கோடு, 1997இல் நாமக்கல் தனி மாவட்டமாகும்வரை சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது. அந்த மொழி நம் காதுக்கு அந்நியமன்று. மாராயி என்னும் தாய் புலம்பி ஒப்பாரி வைக்கும் பகுதிகளை வாய்விட்டுப் படியுங்கள். இழவு வீட்டில் நம் பாட்டிமார் பாடிய அதே இழுப்பு, மகன் சாதி மாறி மணந்து அழைத்து வந்து உயிரோடு எதிரில் நிற்கும் சரோஜாவை நோக்கிப் பாய்கிறது. இங்கே நம்மை மயக்கி ஏமாற்றும் கதைசொல்லி இல்லை. நாம் நேசிக்கும் பேச்சும் அவளை வதைக்கும் பேச்சும் ஒன்றாகவே இருக்கின்றன. எனக்கு இது ‘லோலிடா’வைவிடக் கடினமான வாசிப்பு.

கோடை விடுமுறையில் ஏற்காட்டில் அறை எடுத்து ஒரே மூச்சில் முடித்துவிடும் ஆசை இவ்வகை நாவலுக்கு ஒத்துவராது. வேகத்தில் மொழியின் போதை மிஞ்சும், அல்லது கொடுமை மரத்துப்போகும். நாளுக்கு ஓர் அத்தியாயம் போதும்.

இத்தகைய வன்முறையைத் தம் வாழ்வில் கண்டவர்கள் உங்கள் வட்டத்திலும் இருக்கக்கூடும். ஆகவே நாவலில் என்ன நடக்கிறது என்பதை முன்கூட்டியே அனைவருக்கும் சொல்லிவிடுங்கள். அம்மாதம் விலகிக்கொள்பவரிடம் காரணம் கேட்காதீர்கள்.