மாத்திரை போட்டும் ரத்தம் ஏறலையா? வீட்டில் நடக்கும் தவறுகள்

இரண்டு மாதம் இரும்புச்சத்து மாத்திரை போட்ட பிறகும் ஹீமோகுளோபின் 8.5 பாயிண்டிலேயே நிற்கிறது என்றால், மாத்திரை எந்த நேரத்தில், எதோடு உள்ளே போகிறது என்பதை முதலில் பாருங்கள்.

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் டிபன் முடிந்ததும் காபி வந்தாக வேண்டும். இட்லி, மாத்திரை, அதன்மேல் ஒரு டம்ளர் காபி. காபியிலும் டீயிலும் உள்ள பாலிபீனால்கள் இரும்பைப் பிடித்துக்கொள்கின்றன. குடல் உறிஞ்சுவதற்குள் பெரும்பகுதி வெளியேறிவிடுகிறது. பால், கால்சியம் மாத்திரை, நெஞ்செரிச்சலுக்குப் போடும் கேஸ் மாத்திரை எல்லாமே உறிஞ்சுவதைக் குறைக்கும். காபியை விடச் சொல்லவில்லை. காலை 6 மணிக்குக் காபி, 8 மணிக்கு டிபனோடு கால்சியம், 11 மணிக்கு அரை மூடி எலுமிச்சை பிழிந்த தண்ணீரில் இரும்பு மாத்திரை என்று பிரித்துவிடுங்கள். எலுமிச்சைக்குப் பதில் ஒரு நெல்லிக்காயோ கொய்யாத் துண்டோ இருந்தாலும் சரி. குமட்டினால் மாத்திரையை நிறுத்த வேண்டாம், இரவு படுக்கப் போகும்போது போடலாம். தைராய்டு மாத்திரை போடுபவர்கள் இரண்டுக்கும் 4 மணி நேர இடைவெளி விடவேண்டும்.

மலம் கறுத்ததும் பயந்துபோய் நிறுத்திவிடுகிறார்கள். இரும்பு உள்ளே போனால் மலம் கறுக்கத்தான் செய்யும். தார் மாதிரி பிசுபிசுவென்று ஒட்டி, கடுமையாக நாறினால்தான் உள்ளே ரத்தம் கசிகிறதோ என்று அன்றே காட்ட வேண்டும்.

'12 வந்தாச்சே' என்று அன்றோடு விடுவதும் தவறு. உடலின் இரும்புச் சேமிப்பு நிரம்ப இன்னும் 3 மாதமாவது தொடர வேண்டும். சரியாகப் போட்டும் ஒரு மாதத்தில் 1 பாயிண்ட் அளவுக்குக்கூட ஏறவில்லையா? ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் திரும்பிப் போங்கள்.

பீட்ரூட்டின் நிறத்தை நம்பி மாத்திரையைக் குறைக்காதீர்கள். அதில் இரும்பு கொஞ்சம்தான். சுவரொட்டியும் (ஆட்டு மண்ணீரல்) முருங்கைக்கீரையும் நல்லவை, ஆனால் ரத்தசோகை வந்த பிறகு சாப்பாடு மட்டும் ஈடுகட்டாது. ஒரு பெண் பச்சரிசியையோ சாம்பலையோ ஓயாமல் மெல்கிறாள் என்றால் திட்டாதீர்கள். இரும்பு குறைந்ததன் அறிகுறி அது, பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள்.

டெல்டாவில் மறந்துபோகிற இன்னொன்று கொக்கிப்புழு. திறந்தவெளியில் மலம் கழிக்கும் வாய்க்கால் கரை, வரப்போர ஈரமண்ணில் அதன் இளம்புழு இருக்கும்; வெறுங்காலின் தோலைத் துளைத்து ஏறி, குடலில் தங்கி ரத்தம் குடிக்கும். புழு இருக்கும்வரை ஏற்றுகிற இரும்பு அதற்கும் சேர்த்துத்தான் போகிறது. நடவுச் சேற்றில் செருப்பு நிற்காது, சரி, கரையேறியதும் போட்டுக்கொள்ளலாமே. பெரியவர்களுக்குப் பூச்சி மாத்திரையான அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் ஒரே வேளை. கர்ப்பிணிகள் முதல் 3 மாதத்தில் போடக்கூடாது.

ரத்தம் குறைந்து படுத்திருப்பவரைச் சட்டென்று எழுப்பி நிற்கவைக்காதீர்கள். கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு 2 நிமிடம் உட்காரட்டும். கிறுகிறுப்பு அடங்கிய பிறகு கையைப் பிடித்து நிற்க வையுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நாடி நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டினாலோ, நெஞ்சு வலித்தாலோ, மயங்கி விழுந்தாலோ, ஹீமோகுளோபின் 7 பாயிண்டுக்குக் கீழே இறங்கினாலோ வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள். அது ஆஸ்பத்திரிக் கேஸ்.

ஆண்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் ரத்தம் குறைந்தால், சத்து மாத்திரை வாங்கிக் கொடுத்ததோடு விடக்கூடாது. மூலமா, வயிற்றுப்புண்ணா, குடல் கட்டியா, எங்கே கசிகிறது என்று மருத்துவர் தேடியாக வேண்டும்.