அமெரிக்கக் காங்கிரஸின் அவை நடைமுறையை ஆய்வுத் துறையாகக் கொள்ள விரும்புவோருக்கு

அமெரிக்கக் காங்கிரஸின் அவை நடைமுறையை வாழ்நாள் ஆய்வாகக் கொள்ள விரும்புபவர், முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்கும் முன்பே ஏதேனும் ஒரு விதியைத் தேர்ந்தெடுத்து, அது தோன்றிய நாள் முதல் இன்று வரை கடந்து வந்த வழியை ஆவணங்களில் தேடிப் படித்துவிட வேண்டும். கோட்பாடுகளை வகுப்பில் கற்றுக்கொள்ளலாம். இந்தப் பழக்கத்தை அங்கே யாரும் ஊட்டிவிட மாட்டார்கள்.

காங்கிரஸின் மேலவையான செனட்டின் 22ஆம் விதியிலிருந்து தொடங்கலாம். விவாதத்தை முடித்துவைக்க 1917இல் முதன்முதலாக வழி செய்தபோது, வந்து வாக்களிப்போரில் மூன்றில் இரண்டு பங்கினர் இசைய வேண்டும் என்றிருந்தது. 1975இல் பெரும்பாலான விவகாரங்களுக்கு அது 60 உறுப்பினர்கள் என்றானது. 2013 நவம்பர் 21 அன்று பெரும்பான்மைத் தலைவர் ஹாரி ரீட், அதிபர் முன்மொழியும் நியமனங்களில் உச்ச நீதிமன்றம் நீங்கலானவற்றின் மீதான விவாதத்தை முடிக்க எளிய பெரும்பான்மையே போதும் என்று ஒழுங்குப் பிரச்சினை (அவை விதி பற்றிய ஆட்சேபம்) எழுப்பினார். அவைக்குத் தலைமை வகித்தவர் அதை ஏற்கவில்லை. ரீட் அவையிடமே முறையிட, 52க்கு 48 என்ற வாக்கில் தலைமை வகித்தவரின் தீர்ப்பு கவிழ்ந்து, ரீட் சொன்னதே முன்னுதாரணமானது. விதியின் வாசகத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. விதிப்புத்தகத்தை மட்டும் படித்தவர் இன்றும் 60 என்றே எழுதுவார். முன்னுதாரணங்களையும் சேர்த்துப் படித்தவருக்கே உண்மை நிலை தெரியும்.

இரு அவைகளின் நடவடிக்கைகளையும் பதிவுசெய்து 1873 முதல் வெளிவரும் காங்கிரஷனல் ரெக்கார்ட் என்ற ஏட்டை நாள்தோறும் சில பக்கங்களாவது படியுங்கள். உறுப்பினர்கள் தம் உரையைப் பின்னர் திருத்தவும், அவையில் பேசாததைச் சேர்க்கவும் இடமுண்டு என்பதால், அதிலுள்ள ஒவ்வொரு சொல்லும் அவையில் ஒலித்தது என்று கொள்ளக் கூடாது.

புள்ளியியல் கட்டாயம் வேண்டும். முதல் காங்கிரஸ் கூடிய 1789 தொடங்கி, பெயர் பதிவான வாக்கெடுப்புகள் அனைத்தும் வோட்வியூ தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் செனட்டின் அன்றாட வேலையில் பெரும்பகுதி ஒருமித்த இசைவால் வாக்கெடுப்பின்றியே நகர்கிறது. எண்களை மட்டும் நம்பும் ஆய்வேட்டில் அந்தப் பகுதி முழுவதும் விடுபட்டுப்போகும் என்பதே என் கவலை. பல்கலைக்கழகத்தின் பெயரைவிட, எண்களையும் ஆவணங்களையும் ஒருங்கே மதிக்கும் நெறியாளரைத் தேடுவதே முக்கியம்.

பட்டம் முடியும் தறுவாயில், அமெரிக்க அரசியல் அறிவியல் சங்கம் 1953 முதல் நடத்திவரும் காங்கிரஸ் நல்கைக்கு (ஃபெலோஷிப்) விண்ணப்பிக்கலாம். உறுப்பினர் அலுவலகத்திலோ குழுவிலோ சில மாதங்கள் பணியாற்றினால், எந்த ஏட்டிலும் பதிவாகாத பேரங்களை நேரில் காணலாம். குழுக்களின் ஆவணங்கள் வாஷிங்டனிலுள்ள தேசிய ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை செனட்டைப் பொறுத்தவரை 20 ஆண்டுகளுக்கும், பிரதிநிதிகள் சபையைப் பொறுத்தவரை 30 ஆண்டுகளுக்கும் பிறகே திறக்கப்படும் என்பதால், ஆய்வுக்குரிய காலத்தை அதற்கேற்ப வகுத்துக்கொள்ள வேண்டும்.