விலங்குநல அமைப்புக்கு நன்கொடை: பணம் அனுப்பும் முன்னும் அனுப்பிய பின்னும்

சிங்கப்பூரில் இருந்துகொண்டு மாதம் 20 வெள்ளியோ, அப்பாவின் நினைவு நாளில் 200 வெள்ளியோ வாயில்லா உயிர்களுக்குக் கொடுக்க நினைப்பவர்களுக்கான வழிகாட்டி இது. பணம் அனுப்புவது அரை நிமிட வேலைதான். அது சரியான அமைப்புக்குப் போனதா, உங்கள் பெயரில் பதிவானதா என்பதில்தான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள்.

படி 1: யாருக்குக் கொடுப்பது?

எல்லா அமைப்பும் ஒரே வேலையைச் செய்வதில்லை. எஸ்பிசிஏ எனப்படும் விலங்குவதைத் தடுப்புச் சங்கம் கைவிடப்பட்ட, அடிபட்ட, கொடுமைக்கு ஆளான பிராணிகளை மீட்டுக் காப்பகத்தில் வைத்துப் பராமரித்துத் தத்துக் கொடுக்கிறது. பூனை நலச் சங்கம் புளோக் கீழே திரியும் சமூகப் பூனைகளின் கருத்தடையில் கவனம் செலுத்துகிறது. எஸ்ஓஎஸ்டி தெருநாய்களுக்கு. ஏக்கர்ஸ் வனவிலங்குகளுக்கு: கால்வாயில் மாட்டிய உடும்பு, வீட்டுக்குள் வந்த மலைப்பாம்பு போன்றவை.

எதற்குக் கொடுப்பது என்று தடுமாறினால், கருத்தடைக்குக் கொடுங்கள் என்பதே எங்கள் பரிந்துரை. பூனைக்குச் சினைக்காலம் ஏறத்தாழ இரண்டு மாதம். நம் ஊர் வெப்பத்தில் ஆண்டு முழுக்கக் குட்டி போடும். ஒரு தாய்ப்பூனைக்குச் செய்யும் அறுவை சிகிச்சை, அடுத்த ஆண்டு காப்பகத்துக்கு வரப்போகும் பல கூண்டுகளின் செலவை மிச்சப்படுத்துகிறது. அடிபட்ட நாயின் படத்தைப் பார்த்துக் கொடுப்பவர்கள் அதிகம், கருத்தடைக்குக் கொடுப்பவர்கள் குறைவு.

விலங்கைக் கொடுமைப்படுத்துவதைக் கண்டால் அது நன்கொடை விஷயம் இல்லை, புகார் விஷயம். தேசியப் பூங்காக் கழகத்தின் கீழ் இயங்கும் விலங்குநல, கால்நடை மருத்துவச் சேவையிடம் (1800-476-1600) சொல்ல வேண்டும். இடம், நேரம், படம் மூன்றும் இருந்தால்தான் விசாரணை நகரும்.

படி 2: ஐந்து நிமிடச் சரிபார்ப்பு

அறநிறுவன ஆணையாளரின் ‘சேரிட்டி போர்ட்டல்’ இணையத்தளத்தில் அமைப்பின் பெயரைத் தேடுங்கள். மூன்று விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: பதிவான முழுப் பெயர், யூஇஎன் எண் (ஒவ்வோர் அமைப்புக்கும் உள்ள தனிப் பதிவு எண்), ஐபிசி தகுதி (பொதுநல அமைப்பு என்ற சிறப்புத் தகுதி) எந்தத் தேதிவரை செல்லும் என்பது.

மூன்றாவதில்தான் குழப்பம் வரும். பதிவுபெற்ற அறநிறுவனம் எல்லாமே ஐபிசி இல்லை. ஐபிசி தகுதி இருந்தால்தான் வரிக்கழிவு உண்டு. அந்தத் தகுதி குறிப்பிட்ட காலத்துக்கே கொடுக்கப்படும், பிறகு புதுப்பிக்க வேண்டும். ஐபிசி இல்லாத சிறு காப்பகம் மோசமானது என்று அர்த்தம் இல்லை. வரிக்கழிவு கிடைக்காது, அவ்வளவுதான்.

அதே பக்கத்தில் ஆண்டறிக்கை இருந்தால் நிதி திரட்ட எவ்வளவு செலவழித்தார்கள் என்று பாருங்கள். ஐபிசி அமைப்புகளின் நிதி திரட்டும் செலவு, திரட்டிய தொகையில் 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது விதி.

வாட்ஸ்அப் குழுவில் “பூனைக்கு அவசர ஆபரேஷன், 3,000 வெள்ளி தேவை” என்று வரும் செய்திகளைத் தனியாக வையுங்கள். உண்மையானவையும் உண்டு, பழைய படத்தை வைத்து ஏமாற்றுபவையும் உண்டு. எந்த கிளினிக், பில் எண் என்ன என்று கேளுங்கள். கிளினிக்கையே அழைத்து, அந்த பில் கணக்கில் நேரடியாகக் கட்டுங்கள். நேர்மையாகக் கேட்பவர் இதற்கு மறுக்க மாட்டார். சந்தேகம் வந்தால் 1799 என்ற ஸ்கேம்‌ஷீல்டு உதவி எண் இருக்கிறது.

படி 3: பணம் அனுப்புவது

வங்கிச் செயலியில் உள்ள பேநவ் என்ற பணம் அனுப்பும் வசதியில் அமைப்பின் யூஇஎன் எண்ணைத் தட்டுங்கள், அல்லது அவர்களின் சொந்த இணையத்தளத்தில் உள்ள கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்யுங்கள். யாரோ பகிர்ந்த போஸ்டரில் உள்ள கியூஆர் வேண்டாம். ‘அனுப்பு’ பொத்தானுக்கு முந்தைய திரையில் பெறுபவர் பெயர் வரும். படி 2-இல் குறித்த பெயரோடு ஒப்பிடுங்கள். தனி ஆள் பெயர் வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். சில அமைப்புகள் யூஇஎன் முடிவில் மூன்று எழுத்து கூடுதலாகச் சேர்த்திருக்கும். அதை விட்டுவிட்டால் பணம் அதே அமைப்பின் வேறு கணக்குக்குப் போகும், அல்லது போகவே போகாது.

பேநவ்-இல் ஒரு சிக்கல்: உங்கள் அடையாள அட்டை எண்ணை வங்கி அந்த அமைப்புக்குத் தானாக அனுப்பாது. பணம் போகும், யார் கொடுத்தது என்பது போகாது. எனவே அமைப்பின் நன்கொடைப் படிவத்தில் பெயர், அடையாள எண், தொகை, அனுப்பிய தேதி ஆகியவற்றைத் தனியாக நிரப்புங்கள். இந்த இரட்டை வேலை பிடிக்காதவர்கள் கிவிங்.எஸ்ஜி என்ற நன்கொடைத் தளம் வழியாகக் கொடுக்கலாம். பணமும் விவரமும் அங்கே சேர்ந்தே போகும்.

மாதாமாதம் கொடுப்பதாக இருந்தால், வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழியும் ஜைரோ நல்லது. காகிதப் படிவத்தில் போடும் கையெழுத்து, கணக்குத் தொடங்கியபோது வங்கியில் போட்ட கையெழுத்தோடு ஒத்துப்போக வேண்டும். படிவம் திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். இணையத்திலேயே செய்யும் இ-ஜைரோ வசதி இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. கடன் அட்டையில் மாதக்கழிவு வைத்தால், அட்டை காலாவதியாகும் மாதத்தில் நன்கொடையும் சத்தமில்லாமல் நின்றுவிடும். புது அட்டை கையில் வந்த அன்றே எண்ணை மாற்றிவிடுங்கள்.

டிசம்பரில் ஒரே தடவையாக 240 வெள்ளி கொடுப்பதைவிட மாதம் 20 வெள்ளி மேல். தீவனக்காரருக்கும் மருத்துவருக்கும் ஜூலையிலும் பணம் கட்டியாக வேண்டும். எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே தெரிந்தால்தான் காப்பகத்தால் இன்னொரு நாயை உள்ளே எடுக்க முடியும்.

படி 4: வரிக்கழிவு

தகுதிபெறும் ரொக்க நன்கொடைக்கு 2026 டிசம்பர் 31 வரை 250 விழுக்காடு கழிவு உண்டு. இதைக் கேட்டதும் 100 கொடுத்தால் 250 திரும்ப வரும் என்று சிலர் நினைத்துவிடுகிறார்கள். அப்படியில்லை. வரி கணக்கிடும் வருமானத்திலிருந்துதான் 250 குறைகிறது.

வரிக்குரிய வருமானம் 60,000 வெள்ளி என்று வையுங்கள். அதன் மேல் பகுதிக்கு வரி விகிதம் 7 விழுக்காடு. 200 வெள்ளி கொடுத்தால் வருமானத்தில் 500 கழியும், வரியில் மிச்சம் 35 வெள்ளி. வருமானம் 100,000 என்றால் விகிதம் 11.5 விழுக்காடு, மிச்சம் 57 வெள்ளி 50 காசு. 20,000-க்குக் கீழே இருந்தால் வரியே இல்லை, ஆகவே மிச்சமும் இல்லை. பயன்படுத்தாத கழிவை ஐந்து ஆண்டுவரை முன்னே கொண்டுபோகலாம்.

ரசீதை வைத்துக் கழிவு கேட்க முடியாது. அடையாள எண்ணோடு அமைப்பு அனுப்பும் பதிவைத்தான் உள்நாட்டு வருவாய் ஆணையம் ஏற்கும். வேலை அனுமதியில் இருந்து வரி கட்டுபவர்கள் ஃபின் எண்ணை (வெளிநாட்டவருக்கான அடையாள எண்) கொடுக்க வேண்டும். கடைசி எழுத்தைத் தவறாகத் தட்டினால் கழிவு வராது.

அமைப்புகள் ஜனவரி 31-க்குள் பதிவை அனுப்ப வேண்டும். ஆக, மார்ச், ஏப்ரலில் சிங்பாஸ் வழியாக மைடேக்ஸ் போர்ட்டலுக்குள் போய் நன்கொடைத் தொகை வந்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அமைப்பைத் தொடர்புகொள்ளுங்கள். திருத்தம் அங்கிருந்துதான் போக வேண்டும். படிவம் தாக்கல் செய்யத் தேவையில்லாதவர்களுக்கு நேராக வரி அறிவிப்பே வந்துவிடும். அதில் தொகை விடுபட்டிருந்தால் ஆட்சேபம் சொல்ல 30 நாள்தான் அவகாசம்.

அண்ணன், தங்கை, சித்தப்பா எல்லோரும் சேர்ந்து 500 வெள்ளி போட்டு ஒருவர் கணக்கிலிருந்து, அவர் எண்ணைக் கொடுத்து அனுப்பினால், முழுக் கழிவும் அவருக்கே. பங்கு வேண்டுமென்றால் அவரவர் தனித்தனியாக அனுப்புங்கள். பிறந்தநாளுக்குப் பரிசுக்குப் பதில் நன்கொடை கேட்பவர்களும் தங்கள் பேநவ்-இல் வசூலிக்காமல், கிவிங்.எஸ்ஜி-யில் அந்த அமைப்புக்காக ஒரு பக்கம் தொடங்கி இணைப்பை அனுப்புவது நல்லது. கணக்குக் கேள்வியே வராது.

படி 5: பொருளாகக் கொடுப்பது

பொருளுக்கு வரிக்கழிவு இல்லை. கொண்டுபோகும் முன் அமைப்பின் தேவைப் பட்டியலைப் பாருங்கள். பழைய துண்டும் செய்தித்தாளும் கூண்டில் விரிக்க உதவும். ஆனால் துண்டின் ஓரம் பிரிந்து நூல் தொங்கினால் வெட்டிவிடுங்கள். பூனையின் நாக்கில் பின்னோக்கி வளைந்த முட்கள் இருப்பதால், வாயில் பட்ட நூலை அதனால் துப்ப முடியாது. விழுங்கியே ஆக வேண்டும். அந்த நூல் குடலைச் சுருக்கி இழுத்துவிடும், பிறகு அறுவை சிகிச்சைதான். தலையணை வேண்டாம், நாய் கிழித்து உள்ளிருக்கும் பஞ்சைத் தின்றுவிடும்.

உணவு என்றால் பிரிக்காத பை மட்டும், காலாவதிக்குக் குறைந்தது இரண்டு மூன்று மாதம் இருக்கட்டும். பிரித்த பை நம் ஈரப்பதத்தில் சிக்குவாடை அடிக்கும், வண்டு விழும். சலுகை விலையில் கிடைத்ததென்று கண்ட பிராண்டை வாங்காதீர்கள். உணவு திடீரென மாறினால் பிராணிகளுக்கு வயிறு போகும். நாற்பது கூண்டை ஒரே நாளில் கழுவ வைப்பது உதவி ஆகாது.

எஸ்பிசிஏ இருப்பது சுங்கை தெங்கா ரோட்டில், மேற்குக் கோடியில். 2016-இல் மவுண்ட் வெர்னனிலிருந்து மாறியது. பழைய முகவரியைப் பார்த்து அங்கே போய்விடாதீர்கள்.

படி 6: உயிலில் எழுதுவது

உயிலில் ஓர் அமைப்புக்குப் பங்கு வைப்பதாக இருந்தால் “விலங்குகள் காப்பகத்துக்கு” என்று பொதுவாக எழுதினால் யாருக்கு என்ற தகராறு வரும். பதிவான முழுப் பெயரும் யூஇஎன் எண்ணும் வேண்டும். மத்திய சேமநிதிப் பணம் உயிலுக்குள் வராது. அதற்கு நியமனம் தனியாகச் செய்ய வேண்டும், திருமணம் ஆனால் பழைய நியமனம் ரத்தாகிவிடும் என்பதால் மறுபடியும் செய்ய வேண்டும்.