நிலத்தை அளந்த கையோடு அந்த அளவைப் பொதுப்பதிவில் ஏற்றுவது எப்படி?

எங்கள் புஞ்சையைத் தனியார் சர்வேயரைக் கொண்டு அளந்தபோது, அவர் வெள்ளைத்தாளில் வரைந்து கொடுத்த படத்தை அப்பா பத்திரக் கட்டுக்குள் மடித்து வைத்தார். சில ஆண்டுகளில் பக்கத்து நிலம் கைமாறியது. புதிதாக வாங்கியவர் வேறொருவரை வைத்து அளந்து, தெற்கு வரப்பைத் தாண்டி எங்கள் பக்கம் கயிறு கட்டிவிட்டார். நாங்கள் படத்தை எடுத்துக் காட்டியதும், “இது எந்த ஆபீஸ்ல இருக்கு?” என்று கேட்டார். எந்த அலுவலகத்திலும் அது இல்லை.

நிலத்தை விற்றால் அந்தக் கிரயத்தை 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி சார்பதிவாளரிடம் பதிகிறோம். ஆனால் அந்த நிலத்தைத் தனியார் அளந்த அளவை எங்கும் பதிய வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை. இதையும் சட்டம் கட்டாயமாக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. ஓர் எல்லைக்கு இரு பக்கத்திலும் ஆள் இருக்கும்போது, அதன் அளவு ஒருவர் வீட்டுப் பெட்டிக்குள் மட்டும் இருப்பது முறையல்ல. சட்டம் வரும்வரை, தமிழ்நாட்டில் நிலம் வைத்திருப்பவர்கள் தாங்களாகவே செய்யக்கூடியதைச் சொல்கிறேன்.

அளக்கும் முன்பே வருவாய்த் துறையின் இ-சேவை இணையதளத்திலிருந்து பட்டா, அ-பதிவேடு (கிராமத்து நிலங்களின் விவரப் பதிவேடு), புலப்படம் (நிலத்தின் எல்லைகளையும் நீளங்களையும் காட்டும் அரசு வரைபடம்) ஆகிய மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். பட்டாவில் 0.40.50 என்று இருந்தால் அது 0 ஹெக்டேர் 40.50 ஏர், ஏறத்தாழ ஓர் ஏக்கர். ஓர் ஏர் என்பது 2.47 சென்ட். புலப்படத்தில் கோடுகளின் மேல் எழுதிய எண்கள் மீட்டர் கணக்கு. பழைய படமாக இருந்தால் அவை லிங்க்ஸ் கணக்கிலும் இருக்கலாம்; 100 லிங்க்ஸ் ஒரு சங்கிலி, அதாவது 66 அடி. மீட்டரையும் லிங்க்ஸையும் குழப்பிக்கொண்டு வீண் சண்டைக்குப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பிறகு அளவைக் கற்களைத் தேடுங்கள். எங்கள் தென்மேற்கு மூலைக் கல் வேலிக்கருவை வேருக்கடியில் ஒரு முழ ஆழத்தில் புதைந்து கிடந்தது. மண்ணைத் தட்டிய பிறகுதான் தலைப்பில் வெட்டியிருந்த குறி தெரிந்தது. கல் கிடைத்தால் அதை நகர்த்தாமல், அருகில் டேப் வைத்துப் படம் எடுங்கள்.

தனியார் அளவை வழிகாட்டியாக மட்டும் வைத்துக்கொண்டு, எல்லையை அளந்து காட்டும்படி அரசு நில அளவையருக்குக் கட்டணம் செலுத்தி விண்ணப்பியுங்கள். பக்கத்து நிலக்காரர்களுக்கு அறிவிப்புப் போனதா என்பதை உறுதிசெய்து, அளக்கும் நாளில் அவர்களையும் அழைத்து நிற்க வையுங்கள், ஏனெனில் அவர்கள் இல்லாமல் அளந்த அளவு பின்னாளில் எளிதாக மறுக்கப்படும். நிலத்தின் ஒரு பகுதியை மட்டும் வாங்குவதானால், பட்டா மாறுதலோடு உட்பிரிவும், அதாவது உங்கள் துண்டைத் தனியே பிரித்துக் காட்டுவதும், கேட்டே ஆக வேண்டும். பாகம் பிரியாத கூட்டுப் பட்டாவில் உங்கள் துண்டு எது என்று எந்தப் படமும் காட்டாது.

கிரயப் பத்திரம் எழுதும்போது நான்கு பக்கமும் யார் நிலம் என்று சொல்லும் ‘நான்கு மால்’ விவரத்தை மட்டும் எழுதி விட்டுவிடாதீர்கள். “கிழக்கே கந்தன் நிலம்” என்பது அந்த நிலம் விற்கப்பட்ட மறுநாளே பொருளற்றுப் போகும். நான்கு பக்க நீளங்களையும் மீட்டரில் எழுதச் சொல்லி, அளவுப் படத்தையும் பத்திரத்தோடு இணைத்துப் பதியுங்கள். அப்படிச் செய்தால், பத்திர நகல் எடுக்கும் எவருக்கும் அந்தப் படமும் கிடைக்கும்.

உட்பிரிவு உத்தரவு வந்ததும், பட்டாவில் பெயரைப் பார்த்த மகிழ்ச்சியோடு நின்றுவிடாமல், புதிய புலப்படத்தை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய்க் கல்லுக்குக் கல் டேப் பிடித்துப் பாருங்கள். அளவு ஒத்துவராவிட்டால், அந்த வாரத்திலேயே வட்டாட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.